தரையில் விளையாடட்டும் நம் பிள்ளைகள்

(குடும்ப நலக் கூட்டத்தில் எங்கள் தாய்-சேய் நலக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. அன்று வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

தடுப்பூசி, தாய்ப்பால், இணை உணவு பற்றியெல்லாம் நம் கூட்டங்களில் பேசி வந்திருக்கிறோம். இன்று விளையாட்டைப் பற்றிப் பேசுகிறோம். பிறந்தது முதல் ஒன்றரை வயது வரையுள்ள பிள்ளைகள் புரண்டு, தவழ்ந்து, ஏறி, இறங்கி, விழுந்து, எழுந்து ஆடும் விளையாட்டு. அப்போது பெரிய அடி படாமல் காக்க, வீட்டில் கிடக்கும் பழைய சேலை, கைலி, துண்டு, அட்டைப்பெட்டி இவற்றைக் கொண்டே என்ன செய்துகொள்ளலாம், எதைச் செய்யவே கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

வீடுகளுக்குச் செல்லும்போது நாங்கள் இரண்டு விதமான பழக்கங்களைப் பார்க்கிறோம். சில வீடுகளில் பிள்ளை தரையையே தொடுவதில்லை. உம்மாவின் இடுப்பிலிருந்து உம்மம்மாவின் மடிக்கு, மடியிலிருந்து தூளிக்கு, தூளியிலிருந்து வாக்கருக்கு. "இறக்கிவிட்டால் விழுந்துவிடும்" என்ற பயம். வேறு சில வீடுகளில் சாச்சாவும் மாமாவும் வந்ததுமே பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். பிள்ளை சிரிக்கிறது, சுற்றி நிற்பவர்களும் சிரிக்கிறார்கள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே பாசத்தால் செய்வதுதான். முதலாவதில் பிள்ளைக்கு வேண்டிய அசைவு கிடைப்பதில்லை. இரண்டாவதில் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் மாற்று, பிள்ளையைத் தரைக்குக் கொண்டுவந்து, அந்தத் தரையை நாம் தயார் செய்வது.

விளையாட்டு ஏன் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை நாளுக்குப் பலமுறை உடலை அசைத்து விளையாட வேண்டும், அதிலும் தரையில் பெரியவர்களோடு சேர்ந்து விளையாடுவது சிறந்தது என்கிறது அது. இன்னும் தவழாத பிள்ளையை விழித்திருக்கும் நேரத்தில், நாள் முழுவதிலும் சிறிது சிறிதாகச் சேர்த்து, குறைந்தது 30 நிமிடம் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது. இந்த வயதில் டிவி, செல்போன் பார்க்கவைப்பது வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

நமக்கு இதில் அழகிய முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள். ஸஜ்தாவுக்குச் செல்லும்போது கீழே இறக்கிவிடுவார்கள், எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். இன்னொரு முறை ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அந்தப் பிள்ளையின் ஆசை தீரட்டும் என்று ஸஜ்தாவையே நீட்டினார்கள். பிள்ளையின் விளையாட்டுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு அது. நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அதில் இருக்கிறது. ஸஜ்தாவில் இருப்பவரின் முதுகு தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது!

உயரம்தான் முதல் கணக்கு

விழாமல் எந்தப் பிள்ளையும் நடக்கக் கற்றதில்லை. எந்த உயரத்திலிருந்து, எதன் மேல் விழுகிறது என்பதே கேள்வி. உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. ஒரு வயதுப் பிள்ளை எழுந்து நின்றால் இரண்டரை அடி. அந்த உயரத்திலிருந்து மெத்தென்ற விரிப்பில் சாய்ந்தால் பெரும்பாலும் அழுகையோடு முடிந்துவிடும். கட்டிலிலிருந்து சிமென்ட் தரைக்கு விழுவது வேறு. தலைக்கு மேலே தூக்கிப் போடும்போது பிள்ளை ஆறேழு அடி உயரத்தில் இருக்கிறது. பிள்ளையின் தலை உடம்பின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. அதனால் விழும்போது தலைதான் முந்துகிறது. கழுத்துக்கோ அந்தத் தலையைத் தாங்கும் வலு இன்னும் வரவில்லை.

ஆகவே வீட்டில் எந்தச் சாதனத்தைச் செய்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது பிள்ளையை உயரத்தில் ஏற்றுகிறதா? கழுத்திலோ முகத்திலோ சிக்கக்கூடிய கயிறோ துணியோ இதில் இருக்கிறதா? இது இருக்கிறது என்ற தைரியத்தில் நாம் எழுந்து போய்விடுவோமா? மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

பழஞ்சேலை விரிப்பு

முதலில் செய்ய வேண்டியது ஒரு நல்ல விரிப்பு. டைல்ஸ் தரையும் சிமென்ட் தரையும் கடினமானவை. கோரைப்பாய் மட்டும் விரித்தால் அது டைல்ஸில் வழுக்கும், அதன் மேல் போடும் துணியும் வழுக்கும்.

பழைய பருத்திச் சேலைகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நைலான், பாலியஸ்டர் வேண்டாம். அவை வழுக்கும், வியர்க்கும். ஜரிகை, சமிக்கி, மணி, கொக்கி எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிடுங்கள். சேலை ஏறத்தாழ பதினெட்டு அடி நீளம் இருக்கும். அதை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஆறடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் வரும். மூன்று சேலையையும் இப்படி மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒன்பது அடுக்கு. ஓரங்களைத் தைத்துவிட்டு, நடுவில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு வரிசையாக ஓட்டுத்தையல் போடுங்கள். பிள்ளையின் விரல் மாட்டாதபடி தையல் நெருக்கமாக இருக்கட்டும். தவழும் பிள்ளைக்கு இன்னும் இடம் வேண்டுமென்றால் இதேபோல இன்னொன்று தைத்துப் பக்கத்தில் சேர்த்துத் தைத்துவிடலாம். ஆறடிக்கு ஏழரை அடி என்றாகும். ஒரு பிள்ளைக்கு அது பெரிய மைதானம்!

இது மெத்தையைவிட ஏன் நல்லது? மிகவும் மெதுவான மெத்தையில் குப்புறக் கிடக்கும் சின்னப் பிள்ளையின் முகம் புதைந்துவிடும், மூச்சு முட்டும். புரளவும் தவழவும் கைகால் ஊன்றக் கெட்டியான இடம் வேண்டும். கையால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அது பிள்ளைக்கு ஆகாது. துண்டு துண்டாகப் பிரியும் ஸ்பாஞ்சு விரிப்புகளையும் தெர்மாகோலையும் பல் முளைக்கும் பிள்ளை கடித்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். தொண்டையில் அடைக்கும். சேலை விரிப்பில் அந்தப் பயம் இல்லை. துவைத்து வெயிலில் காயப்போடலாம்.

விரிப்பு வழுக்காமல் இருக்க, அலமாரித் தட்டுகளில் போடும் வலை போன்ற ரப்பர் விரிப்பை அடியில் போடுங்கள். பிள்ளையை விடுவதற்கு முன் நாம் ஏறி நின்று காலால் தள்ளிப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் மீண்டும் சரிசெய்யுங்கள். கட்டில் விளிம்பு, பீரோ, டீப்பாய் இவற்றிலிருந்து குறைந்தது ஒரு கை நீளம் தள்ளி விரியுங்கள்.

முதல் ஆறு மாதம்: துண்டுச் சுருள்

பிறந்த பிள்ளைக்கு முதல் விளையாட்டுத் திடல் உம்மாவின், வாப்பாவின் நெஞ்சுதான். அத்தா என்று அழைக்கும் வீடாக இருந்தால் அத்தாவின் நெஞ்சு! சாய்ந்து படுத்து, பிள்ளையை நெஞ்சின் மேல் குப்புறப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசுங்கள். முகத்தைப் பார்க்கப் பிள்ளை தலையைத் தூக்கும். அந்தச் சிறு முயற்சிதான் கழுத்துக்கு உரம்.

பிறகு விரிப்பில் விடலாம். ஒரு குளியல் துண்டை நம் மணிக்கட்டு அளவு தடிமனாகச் சுருட்டி, பிரியாதபடி இரண்டு இடத்தில் தைத்துவிடுங்கள். கயிற்றால் கட்ட வேண்டாம். பிள்ளையைக் குப்புறப் போட்டு, இந்தச் சுருள் அக்குளுக்குக் கீழே நெஞ்சைத் தாங்குமாறும், இரண்டு கைகளும் சுருளுக்கு முன்னால் வருமாறும் வையுங்கள். நாமும் எதிரே குப்புறப் படுத்து முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். பால் குடித்த உடனே வேண்டாம். பிள்ளை தலையைக் கீழே போட்டுவிட்டால் களைத்துவிட்டது என்று பொருள், தூக்கிவிடுங்கள். தானாகவே கையூன்றி நெஞ்சைத் தூக்கத் தொடங்கியபின் சுருள் தேவையில்லை.

விளையாடியபடியே பிள்ளை தூங்கிவிட்டால், சுருளும் தலையணையும் இல்லாத கெட்டியான சமதளப் படுக்கைக்கு மாற்றி மல்லாக்கப் படுக்க வையுங்கள். விளையாட்டுக்கு உதவும் எந்தப் பொருளும் தூக்கத்துக்கு உதவாது. இதை மட்டும் வீட்டில் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

உட்காரும் பருவம்: கைலி வளையம்

ஆறு, ஏழு மாதத்தில் பிள்ளை கையை முன்னால் ஊன்றி உட்காரப் பார்க்கும். பக்கவாட்டிலும் பின்னாலும் சாயும். ஒரு தடித்த போர்வையை நீளமாகச் சுருட்டி, மூட்டிய பழைய கைலிக்குள் நுழைத்து, கைலியை இறுக்கிச் சுற்றித் தைத்துவிடுங்கள். நீண்ட திண்டு கிடைக்கும். அதைக் குதிரை லாட வடிவில் வளைத்து, பிள்ளையின் முதுகுப்புறமும் இரண்டு பக்கமும் வருமாறு வைத்து, திறந்த பக்கத்தில் நாம் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

இது பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கும் சாதனம் இல்லை. சாய்ந்தால் தலை தரையில் மோதாமல் தாங்குவது மட்டுமே இதன் வேலை. தலை நிற்காத பிள்ளையை நான்கு பக்கமும் தலையணை அடுக்கி உட்கார வைப்பதும், வளையத்துக்குள் வைத்துவிட்டு உலை பார்க்கப் போவதும் கூடாது. சரிந்தால் முகம் துணியில் பதிந்துவிடும்.

தவழும் பருவம்: வீடே திடல்

பிள்ளை தவழத் தொடங்கியதும் முதலில் தவழ வேண்டியவர் நீங்கள்! செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கைகால் ஊன்றி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நின்றால் தெரியாதது எல்லாம் தெரியும். நம் வீடுகளில் கிடைப்பவை இவை: மக்கனா ஊசி, அறுந்த தஸ்பீஹ் மணி, காசு, பாக்கு, ரிமோட்டிலிருந்து விழுந்த பொத்தான் பேட்டரி, அத்தர் குப்பியின் மூடி. நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கும் எதுவும் பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது. பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மக்கனா ஊசிகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வைக்கும் பழக்கத்தை வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கதவில் விரல் நசுங்குவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. பழைய ரப்பர் செருப்பை நன்றாகக் கழுவி, உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவே கதவின் கனத்துக்கு ஒரு பிளவு போடுங்கள். அதைக் கதவின் ஓரத்தில், பிள்ளைக்கு எட்டாத நம் தோள் உயரத்தில் செருகிவிட்டால் காற்றடித்தாலும் கதவு முழுதாக மூடாது.

டீப்பாயின் முனைக்குத் துணி சுற்றுவதைவிட டீப்பாயையே கொஞ்ச காலம் வேறு அறைக்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்ற முடியாத கட்டில் முனைக்குப் பல அடுக்குத் துணியை மடித்துத் தொப்பிபோல் தைத்து மாட்டலாம். ஒட்டும் டேப் வேண்டாம். பிள்ளை உரித்து வாயில் போடும்.

படிக்கட்டுக்கு நாற்காலியைச் சாய்த்து மறிக்கிறோம். பிள்ளை அதையே பிடித்து ஏறும். ஒரு தச்சரிடம் சொல்லிச் சுவரோடு திருகிய சிறு கதவு போடுவது சிறந்தது. சட்டங்கள் நெடுக்காக மட்டும் இருக்கட்டும். குறுக்குச் சட்டம் ஏணியாகிவிடும். இடைவெளி நம் மூன்று விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்.

குளியலறை வாளியும் உளூச் செய்யும் தொட்டியும் வேலை முடிந்ததும் காலியாக இருக்க வேண்டும். தலைகீழாக விழுந்த பிள்ளைக்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். கத்தவும் முடியாது. சாம்பிராணிச் சட்டியும் அப்படித்தான். புகை நின்றபின்னும் கரி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும்.

இவ்வளவு தடுத்தபின் விளையாடக் கொடுக்கவும் வேண்டும் அல்லவா? பெரிய அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் திறந்து, பின்களைப் பிடுங்கிவிட்டுப் படுக்க வைத்தால் சுரங்கப்பாதை. நம் கை எட்டும் நீளத்துக்கு மேல் வேண்டாம். நாம் படுத்துக்கொண்டு பிள்ளை நம் மேல் ஏறி இறங்குவது எல்லா விளையாட்டுச் சாமானையும்விட நல்லது. கைலித் திண்டை இப்போது விரிப்பின் குறுக்கே போடுங்கள். அது ஏறிக் கடக்க வேண்டிய குன்றாகிவிடும்.

நடக்கும் பருவம்: வாக்கர் வேண்டாம்

இருக்கையில் உட்கார வைத்து, கீழே சக்கரம் வைத்த வாக்கரைப் பலர் அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். அது நடக்கக் கற்றுத் தரும் என்பது தவறான நம்பிக்கை. அதில் பிள்ளை கால்விரலால் உந்துகிறதே தவிர, தன் உடம்பைத் தானே நிறுத்தப் பழகுவதில்லை. ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் ஓடிவிடும். படிக்கட்டில் உருளும், அடுப்புக்கும் வெந்நீருக்கும் கையை எட்டவைக்கும். பக்கத்தில் ஆள் இருந்தும் பாய்ந்து பிடிக்க நேரம் இருக்காது. கனடா நாடு 2004ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் தடை கோரி வருகிறது. வீட்டில் வாக்கர் இருந்தால், இன்னொருவருக்குக் கொடுக்காமல் சக்கரத்தைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள்.

அதற்கு மாற்று என்ன? பிடித்து நிற்கும் பிள்ளைக்குத் தள்ளுவதற்கு ஒரு கனமான பெட்டி. உறுதியான அட்டைப்பெட்டியில் பழைய புத்தகங்களை முக்கால்வாசி நிரப்பி, மூடித் தைத்த துணி உறை போட்டுவிடுங்கள். உயரம் பிள்ளையின் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கட்டும். கனமாக இருப்பதால் மெதுவாக நகரும், பிள்ளை சாய்ந்தாலும் கவிழாது. நம் பக்கத்து மரத்து நடைவண்டி பழமையானது, அழகானது. ஆனால் லேசான நடைவண்டி வழவழப்பான தரையில் பிள்ளையை விட்டு முன்னால் ஓடிவிடும். தனியே நாலடி நடக்கும் பிள்ளைக்கு மண்தரையில் கொடுங்கள்.

தானே நின்று அடி வைக்கப் பார்க்கும் பிள்ளைக்கு, அகலமான குளியல் துண்டை நெஞ்சில் சுற்றி, அக்குள் வழியாக இரண்டு முனையையும் முதுகுப்புறம் நாம் பிடித்துக்கொள்ளலாம். துண்டு தளர்வாக இருக்க வேண்டும். விழும்போது மட்டும் தாங்க வேண்டும். அதனால் தூக்கிப் பிடித்து நடத்தக் கூடாது. ஐந்து நிமிடம் போதும். நம் கையை விட்டு அந்தத் துண்டை எதிலும் கட்டக் கூடாது. வீட்டுக்குள் செருப்பும் காலுறையும் வேண்டாம். வெறுங்கால் தரையைப் பிடிக்கும்.

வாப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும்

உங்கள் விளையாட்டு பிள்ளைக்கு மிகவும் தேவை. அதைக் குறைக்கச் சொல்லவில்லை. தரைக்குக் கொண்டுவரச் சொல்கிறோம். தூக்கிப் போடுவதும் மின்விசிறிக்குக் கீழே தோளில் ஏற்றுவதும் வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் குலுக்க வேண்டாம். அழுகை நிற்கவில்லையே என்ற கோபத்தில் தோளைப் பிடித்துக் குலுக்கினால் மூளை உள்ளே மோதி இரத்தக்கசிவு ஏற்படும். பார்வை போகலாம், உயிரும் போகலாம். கோபம் வந்தால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு, ஒருவரை அழைத்துவிட்டு, இரண்டு நிமிடம் வெளியே போய் வாருங்கள். குளிப்பாட்டியபின் எண்ணெய்க் கையோடு காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கத்தையும் பெரியவர்கள் அன்புகூர்ந்து விட்டுவிட வேண்டும்.

இரண்டு கையையும் பிடித்துச் சுழற்றுவது, ஒரு கையை வெடுக்கென இழுத்துத் தூக்குவது இரண்டிலும் முழங்கை மூட்டு நழுவும். ஒன்று முதல் நான்கு வயதில் இது அடிக்கடி நடக்கிறது. பிள்ளை அந்தக் கையை அசைக்காமல் தொங்கவிட்டிருந்தால் எண்ணெய் போட்டு நீவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கும்போது எப்போதும் அக்குளுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குங்கள்.

என்ன விளையாடலாம்? தலை நன்றாக நின்றபின், நீங்கள் விரிப்பில் மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, உங்கள் கெண்டைக்கால் முன்புறத்தில் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, விலாவைப் பிடித்தபடி மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விமானம்! நன்றாக உட்காரும் பிள்ளையை, நீங்கள் கைகால் ஊன்றி நிற்க, முதுகில் உட்கார வைத்து உம்மா பக்கத்தில் பிடித்து வரட்டும். குதிரை! பிள்ளை வேறு பக்கம் திரும்பினாலோ, விறைத்தாலோ, சிரிப்பு நின்றாலோ விளையாட்டும் நிற்க வேண்டும்.

பாதுகாப்புபோல் தோன்றும் ஆபத்துகள்

தனியாக வேலை பார்க்கும் தாய்மார்கள் சிலர் பிள்ளையின் இடுப்பில் துணியைக் கட்டி மறுமுனையைக் கட்டில்காலில் கட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய சிரமம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளை சுற்றிச் சுற்றி வரும்போது அந்தத் துணி கழுத்தில் ஏறிவிடும். பிள்ளைக்கு எட்டும் இடத்தில் ஒரு சாணுக்கு மேல் நீளமான கயிறோ நாடாவோ எதுவும் தொங்கக் கூடாது. விளையாடும் நேரத்தில் கழுத்தில் சங்கிலி, கயிறு எதுவும் வேண்டாம்.

தூளி ஊஞ்சல் அல்ல. மூத்த பிள்ளைகள் சேலைத் தூளியில் ஏறிச் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகளை நாம் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். பிள்ளையைத் தூக்கியதும் தூளியைச் சுருட்டி மேலே செருகிவிடுங்கள்.

முதுகில் மாட்டும் வண்ணத் தலையணைகளும் பிள்ளைக்கான மெத்தைத் தொப்பிகளும் இப்போது விற்கின்றன. தரையில் தவழும் நலமான பிள்ளைக்கு இவை தேவையில்லை. மாட்டியிருக்கிறதே என்று நாம் கவனத்தைக் குறைத்துக்கொள்வதுதான் அதில் பெரிய கேடு.

விழுந்துவிட்டால்

பெரும்பாலான விழுதல்களில் பிள்ளை உடனே அழுது, சற்று நேரத்தில் மீண்டும் விளையாடும். வீங்கிய இடத்தில் ஈரத்துணியை மெதுவாக வையுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்: மூன்றடி அல்லது அதற்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தது, நினைவு தப்பியது, மீண்டும் மீண்டும் வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், எழுப்பினாலும் எழாமை, ஆற்ற முடியாத அழுகை, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம், நெற்றியைத் தவிரத் தலையின் வேறு பக்கத்தில் மெத்தென்ற வீக்கம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தலையில் எந்த அடி பட்டாலும் காட்டிவிடுங்கள். வலிப்போ மயக்கமோ இருந்தால் 108ஐ அழையுங்கள். எப்படி விழுந்தது என்று உம்மாவைத் திட்டுவதற்கு அது நேரமல்ல. திட்டுக்குப் பயந்து, விழுந்ததையே மறைத்துவிடும் மருமகள்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தால் போவது பிள்ளையின் நேரம்.

கடைசியாக ஒரு சாதனம்

தைக்க வேண்டாத, காசு தேவைப்படாத ஒரு சாதனம் உண்டு. கூட்டுக் குடும்பத்திலும் கல்யாண வீட்டிலும் பெருநாள் அன்றும் பத்துப் பேர் இருக்கும் கூடத்தில் பிள்ளை விழுகிறது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வதே காரணம். ஆகவே வாய்விட்டு ஒப்படையுங்கள். "மாமி, பிள்ளை உங்களிடம். அஸர் தொழுதுவிட்டு வருகிறேன்." "சரிம்மா, நான் வைத்திருக்கிறேன், நீ தொழு." இந்தப் பதில் வரும்வரை நகராதீர்கள். வீட்டில் தனியாக இருந்தால் முஸல்லாவுக்குப் பக்கத்திலேயே விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை மேலே ஏறினால், உமாமாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான், இதெல்லாம் எதற்கு" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், பேரர்கள் ஹஸனும் ஹுஸைனும் தட்டுத்தடுமாறி நடந்து வருவதைக் கண்டு, உரையை நிறுத்தி இறங்கிச் சென்று தூக்கிக்கொண்டார்கள். பிள்ளை தடுமாறும்போது கைவேலையை நிறுத்திவிட்டு எழுந்து போவது நமக்கும் கடமைதான்.

இன்றிரவே இரண்டு வேலை செய்யுங்கள். செல்போன் விளக்கோடு வீட்டைத் தவழ்ந்து சுற்றுங்கள். அலமாரியில் மூன்று பழஞ்சேலையைத் தேடி எடுத்து வையுங்கள். தைக்கத் தெரியாதவர்கள் சேலையைக் கொண்டுவந்தால் எங்கள் குழுவினர் கூட உட்கார்ந்து தைத்துத் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். சேலை இருந்தும் பிள்ளை இல்லாத வீடுகள், தேவையுள்ள வீட்டுக்காக ஒரு விரிப்புக்கு வேண்டியதைக் கொடுக்கலாம்.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவர்கள் உடல்நலத்தோடும் அறிவோடும் வளர வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.